ஆஞ்சைனாவுக்கு எந்த மாத்திரை தேவலை: மெட்டோப்ரோலாலா, அம்லோடிபினா, நைட்ரேட்டா?

டிசம்பர் 6, இரவு 9.20 | கோத்தகிரிக்காரன்

அம்மாவுக்கு வயது 64. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நல்ல ஏற்றம். அக்டோபரில் கோயம்புத்தூரில் காட்டினோம், டிரெட்மில் எடுத்துப் பார்த்துவிட்டு ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வருகிற நெஞ்சு இறுக்கம் என்றார்கள். மெட்டோப்ரோலால் 25, ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் 20 காலையும் இரவும், ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், அவசரத்துக்கு நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட் (அதுவும் நைட்ரேட்தான்). கீழே தங்கச்சி வீட்டில் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. மலை ஏறி வந்ததும் காலையில் பால் வாங்கப் போய்த் திரும்பும்போது நெஞ்சு இறுக்கம். பக்கத்து வீட்டு மாமா அம்லோடிபின் ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டு தோட்டத்தையே சுற்றி வருகிறார். அவர் மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டு வா என்கிறார் அம்மா. இதில் எதற்கு பவர் அதிகம்? மாற்றச் சொல்லலாமா?

டிசம்பர் 6, இரவு 11.05 | பழைய ரெப்

பவர் என்று கேட்டால் பதில் கிடையாது தம்பி. நான் டாக்டர் இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருதய மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் என்று மெடிக்கல் ரெப்பாக அலைந்தவன், இப்போது அதே மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு குன்னூரில் உட்கார்ந்திருப்பவன். விற்கும்போது தெரியாத பல சங்கதி விழுங்கும்போது தெரிந்தது.

இறுக்கம் ஏறும்போது மட்டும் வந்து, நின்றால் சில நிமிடத்தில் போய்விடுகிறதா? இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலும் வருகிறதா, முன்னைவிடக் கொஞ்ச தூரத்திலேயே வருகிறதா, நாளுக்கு நாள் கூடுகிறதா? இரண்டாவது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அது மாத்திரையை ஒப்பிட்டுப் பார்க்கிற நேரம் இல்லை.

முதலாவது என்றால், மாத்திரையைக் குறை சொல்லுமுன் மலையைப் பாருங்கள். கோவை சுமார் 400 மீட்டர் உயரம், கோத்தகிரி சுமார் 1,800. மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் குறைவு. அது போகட்டும், டிசம்பர் காலை. குளிர் பட்டதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிபி ஏறும், அதை எதிர்த்து இதயம் கூடுதலாகத் தள்ள வேண்டும். அதோடு ஏற்றம், கையில் பால் தூக்கு. தங்கச்சி வீட்டில் சமதளம், வெயில், பால் வாசலுக்கே வந்திருக்கும். அங்கே இருந்த அதே மாத்திரைதான் இங்கேயும் வேலை செய்கிறது, வேலைதான் இரண்டு மடங்காகிவிட்டது.

நாளைக்கு மற்றதை எழுதுகிறேன்.

டிசம்பர் 7, காலை 7.40 | பழைய ரெப்

ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். 1996-இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வு ஒன்றில் 809 பேர், பாதிப் பேருக்கு மெட்டோப்ரோலால், பாதிப் பேருக்கு அம்லோடிபின் குடும்பத்து வெரபாமில். வருஷக்கணக்கில் கவனித்தும் சாவிலோ மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. அதே வருஷம் ஐரோப்பாவில் 682 பேரை வைத்து மெட்டோப்ரோலால் வகை அட்டெனோலால், அம்லோடிபின் வகை நிஃபெடிபின், இரண்டும் சேர்த்து என்று பார்த்த இன்னொன்று. அங்கேயும் ஏறக்குறைய அதே கதை. வலியைக் குறைப்பதில் இது ராஜா, அது கூஜா என்று சொல்ல முடியாது. நாங்கள் ரெப்புகள் வண்ணப் படம் போட்ட தாளை நீட்டிச் சொன்னதெல்லாம் வேறு.

அப்போது எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆளுக்கு வேறு என்ன நோய் இருக்கிறது, நாடித்துடிப்பு எவ்வளவு, பிபி எவ்வளவு, எந்தப் பக்கவிளைவை இவர் தாங்குவார் என்பதை வைத்துத்தான்.

மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பிசோப்ரோலால் எல்லாம் பீட்டா பிளாக்கர். இதயத்தின் ஓட்டத்தை மெதுவாக்கும், சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 55 முதல் 60 வரை துடித்தால் போதும் என்று பார்ப்பார்கள். மெதுவாக ஓடுகிற இதயத்துக்கு ரத்தத் தேவையும் குறைவு, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடுவதால் இதயத் தசைக்கே ரத்தம் போக நேரமும் கிடைக்கும். அம்லோடிபின் வேறு வழி. குழாய்களைத் தளர்த்தும், பிபியைக் குறைக்கும், துடிப்பைத் தொடாது. டில்டியாசெமும் வெரபாமிலும் அம்லோடிபினுக்குப் பங்காளிகள்தான், ஆனால் அவை துடிப்பையும் குறைக்கும். அதனால் பீட்டா பிளாக்கரோடு அவற்றைச் சேர்ப்பதென்றால் டாக்டர்கள் ரொம்ப யோசிப்பார்கள், வெரபாமில் என்றால் பெரும்பாலும் கூடவே கூடாது, துடிப்பு அளவுக்கு மீறி இறங்கிவிடும். பக்கத்து வீட்டு மாமாவின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கக் கூடாது என்று சொல்வது இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான்.

மாமா தோட்டத்தைச் சுற்றுகிறார் என்பது மாமாவின் இதயத்தைப் பற்றிய செய்தி. அவருக்கு ஆஞ்சைனாதானா என்று கேட்டீர்களா? பாதிப் பேர் அதை வெறும் பிபிக்காகப் போடுகிறார்கள்.

டிசம்பர் 7, காலை 7.55 | பழைய ரெப்

முக்கியமானதை விட்டுவிட்டுப் போய்விட்டேன் பாருங்கள். மோனோநைட்ரேட் காலை, இரவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவு எத்தனை மணி? நைட்ரேட்டுக்கு ஒரு குணம், இருபத்துநாலு மணி நேரமும் ரத்தத்தில் இருந்தால் உடம்பு பழகிக்கொண்டு வேலை செய்யாமல் போய்விடும். தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது அது இல்லாத நேரம் வேண்டும். சாதா 20 மில்லிகிராம் மாத்திரையை அதனால்தான் காலை 8 மணிக்கு ஒன்று, மதியம் 3 மணிக்கு ஒன்று என்று கொடுப்பது வழக்கம், காலை 8, இரவு 8 என்று இல்லை. நீண்ட நேரம் கரைகிற வகை என்றால் காலையில் ஒன்றோடு சரி. சீட்டில் 1-0-1 என்று வேகமாகக் கிறுக்கியிருப்பார்கள், மெடிக்கலில் கவர் மேலே சூரியனும் நிலாவும் போட்டுக் கொடுத்திருப்பார்கள். நேரத்தை டாக்டரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள்.

டிசம்பர் 8, மதியம் 2.10 | பழைய ரெப்

ஒருவர், நைட்ரேட் வகையில் மூத்ததான நைட்ரோகிளிசரின் வெடிமருந்தாயிற்றே, அதை எப்படி மாத்திரையாகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். குன்னூர்க்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி சங்கு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கார்டைட் என்கிற துப்பாக்கி மருந்தில் முக்கியச் சேர்மானம் ஒன்று இதே நைட்ரோகிளிசரின். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவு, மாவோடு கலந்தது, வெடிக்காது, பயப்படாமல் பையில் வைக்கலாம்.

1879-இல் வில்லியம் முரல் என்ற லண்டன் டாக்டர் இதை ஆஞ்சைனாவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி வந்தபோது டாக்டர்கள் இதையே எழுதிக் கொடுத்தார்கள், விதியின் விளையாட்டைப் பார் என்று அவரே 1896-இல் ஒரு கடிதத்தில் நொந்துகொண்டார். எப்படி வேலை செய்கிறது என்பது நூறு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது, அது குழாய்களைத் தளர்த்துகிறது. அந்த நைட்ரிக் ஆக்சைடு கண்டுபிடிப்புக்கு 1998-இல் மூன்று பேருக்கு நோபல் பெயரிலேயே பரிசு.

இன்னொன்று. அந்தக் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில், பல நாடுகளில், திங்கள்கிழமைத் தலைவலி என்று ஒன்று உண்டு. வாரம் முழுக்க நைட்ரோகிளிசரின் காற்றில் பட்டு உடம்பு பழகிவிடும், ஞாயிறு வீட்டில் இருந்தால் பழக்கம் விட்டுப்போகும், திங்கள் உள்ளே போனதும் மண்டையைப் பிளக்கும். சிலர் ஞாயிற்றுக்கிழமையும் பழக்கம் விடாமல் இருக்கத் தொப்பிப் பட்டையில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு போவார்களாம். முந்தைய குறிப்பில் உடம்பு பழகிவிடும் என்று சொன்னேனே, அது இதுதான். ஃபேக்டரியில் நடந்தது நமக்கு மாத்திரை டப்பாவில் நடக்கிறது.

டிசம்பர் 8, இரவு 10.30 | பழைய ரெப்

எல்லாம் ஏறக்குறைய சமம் என்று எழுதியதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். மேடு ஏறும்போது வருகிற, குழாயில் கொழுப்புப் படிந்ததால் வருகிற ஆஞ்சைனாவுக்குத்தான் அந்தக் கணக்கு. இதயக் குழாய் திடீரென்று இறுகிப் பிடித்துக்கொள்வதால் வருகிற ஒரு வகை உண்டு, பிரின்ஸ்மெட்டல் என்பவர் 1959-இல் விவரித்தது. நடந்தால் வராது, விடியற்காலையில் படுக்கையில் இருக்கும்போது வரும். அதற்கு அம்லோடிபின், டில்டியாசெம் வகைதான் சரி, பீட்டா பிளாக்கர் சிலருக்கு அதை மோசமாக்கும். காலையில் இறுக்கம் என்று நீங்கள் சொன்னது படுக்கையிலா, ஏற்றத்திலா என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

டிசம்பர் 10, இரவு 8.15 | கோத்தகிரிக்காரன்

ஏற்றத்தில்தான் அண்ணா, நின்றால் போய்விடுகிறது. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அம்மாவுக்குக் குளிர் காலத்தில் வீசிங் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறார். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து இன்ஹேலர் அதிகம் எடுக்கிறார். கை கால் ஐஸ் மாதிரி இருக்கிறது என்கிறார். குளிருக்குத்தான் என்று விட்டுவிட்டோம்.

டிசம்பர் 10, இரவு 8.40 | பழைய ரெப்

இதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! கோயம்புத்தூர் டாக்டரிடம் இன்ஹேலரைப் பற்றிச் சொன்னீர்களா? நவம்பர் வருவதற்கு முன்னால் காட்டியதால் அம்மாவுக்கே நினைவு வந்திருக்காது.

பீட்டா பிளாக்கர் மூச்சுக் குழாயையும் கொஞ்சம் இறுக்கக் கூடியது. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் பெரும்பாலும் இதயத்தை மட்டும் பார்க்கிற வகை, பழைய ப்ரோப்ரனோலால் மாதிரி இல்லை. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவருக்கு டாக்டர் தெரிந்தே யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கை கால் சில்லிடுவதும் இதே மாத்திரையின் அறியப்பட்ட பக்கவிளைவு. கோவையில் அது தெரியாது, இங்கே தெரியும். எனக்கும் அப்படித்தான், இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குகிறேன், வீட்டில் என்னைத் துருவக்கரடி என்கிறார்கள்.

நாளைக்கே டாக்டரிடம் பேசுங்கள். ஆனால் ஒன்று, நீங்களாக மெட்டோப்ரோலாலை நிறுத்தாதீர்கள். இது ரொம்ப முக்கியம். ஆஞ்சைனா உள்ளவர் பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்னைவிட வேகமாகத் திரும்பும், மாரடைப்பே வந்ததுண்டு. குறைப்பதென்றால் படிப்படியாக, டாக்டர் சொல்கிறபடி. மூச்சு ரொம்பத் திணறினால் மட்டும் போனுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்னொரு சங்கதி. சர்க்கரை இறங்கும்போது வருகிற நடுக்கம், படபடப்பை பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வேர்ப்பது மட்டும் மறையாது, அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 11, காலை 6.50 | பழைய ரெப்

தூக்கம் வராததால் இன்னும் கொஞ்சம். மெட்டோப்ரோலால் போட்ட காலத்தில் எனக்கு வந்த கனவுகளைத் தனியாக எழுதலாம். கட்டபெட்டுவில் பஸ் பள்ளத்தில் போகும், நான் சாம்பிள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். கொழுப்பில் கரைகிற மருந்து மூளைக்குள்ளும் எளிதாகப் போகும், அதனால் சிலருக்குக் கனவு என்று டாக்டர் சொன்னார். பிசோப்ரோலாலுக்கு மாற்றினார், கனவு நின்றது, குளிர் நிற்கவில்லை. குன்னூர் மார்க்கெட்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு இப்போது நிற்காமல் ஏறுகிறேன், மெதுவாகத்தான். ஆகவே சாக்ஸ் பரவாயில்லை.

டிசம்பர் 11, மாலை 5.30 | பழைய ரெப்

கொடைக்கானல் நண்பர் ஒருவர் தன் மச்சானுக்கு ரனோலசின் என்கிற ஆஞ்சைனா மாத்திரை எழுதியிருக்கிறார்கள், லேட்டஸ்ட், மற்றதெல்லாம் பழசு என்கிறார். பழசு என்பதால் மட்டும் மட்டம் இல்லை. பீட்டா பிளாக்கரைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு, மருந்து வந்தது 1960-களில், இன்றும் அதில்தான் பாதி உலகம் மூச்சு விடுகிறது.

ரனோலசின் நாடித்துடிப்பையும் பிபியையும் பெரிதாகத் தொடாது, அதுதான் அதன் நல்ல குணம். பிபி ஏற்கெனவே 100-க்குக் கீழே இருக்கிற ஆளுக்கு வேறு எதையும் சேர்க்க முடியாதபோது இதைச் சேர்க்கலாம். மறுபக்கம், ஈசிஜியில் கியூடி என்கிற இடைவெளியை நீட்டும், மலச்சிக்கல், தலைசுற்றல். கல்லீரல் சுருங்கியவர்களுக்குக் கூடாது. ரனோலசின் 1000 இரண்டு வேளை போடுகிறவர் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நாளுக்கு 1700 மில்லிகிராமுக்கு மேல் போடக் கூடாது. டில்டியாசெம் கூட இருந்தால் ரனோலசின் அளவே பாதியோடு நிற்க வேண்டும். சளிக்கு மெடிக்கலில் கேட்டு கிளாரித்ரோமைசின் வாங்கிப் போட்டால் அதுவும் இதோடு சேராது. நாமாக வாங்கும் ஆன்டிபயாடிக்கில் இந்த ஆபத்து யாருக்கும் தெரிவதில்லை.

ஐவாப்ராடின் இன்னொரு புதுசு. துடிப்பை மட்டும் குறைக்கும், மூச்சுக் குழாயைத் தொடாது, ஆஸ்துமாக்காரர்களுக்கு அதனால் ஓர் ஆசை. ஆனால் துடிப்பு ஒழுங்காக, 70-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2014-இல் 19,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த ஆய்வில் ஆயுளுக்கு லாபம் ஏதும் தெரியவில்லை, ஆஞ்சைனாத் தொந்தரவு அதிகம் இருந்தவர்களில் கொஞ்சம் கெடுதலே தெரிந்தது. அப்புறம் கண்ணில் திடீர் திடீரென்று வெளிச்சப் பொட்டுகள் தெரியும், வெளிச்சம் மாறும்போது அதிகம். பர்லியார் ரோட்டில் இரவு, பனிமூட்டத்தில், எதிரே லாரி லைட். இந்த மாத்திரை போடுகிற டிரைவர் யாராவது இருந்தால் டாக்டரிடம் தொழிலைச் சொல்லுங்கள்.

டிசம்பர் 12, காலை 9.00 | பழைய ரெப்

நிகோராண்டில் என்கிற ஆஞ்சைனா மாத்திரையைப் பற்றிக் கேட்ட ஒருவருக்கு. பாதி நைட்ரேட் மாதிரி, பாதி வேறு வழி. தலைவலி வரும், வாயில் ஆறாத புண் வந்தால் அதை மவுத் அல்சர் என்று பி காம்ப்ளெக்ஸ் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், மாத்திரையே காரணமாக இருக்கலாம். ஈரத்தில் கெடும். மழைக்காலத்தில் உப்பே தண்ணீராகிற ஊர் நம்முடையது, ஸ்ட்ரிப்பை முன்கூட்டியே பிரித்து வாரத்து டப்பாவில் கொட்டி வைக்காமல் போடும்போது பிரியுங்கள்.

ட்ரைமெட்டாசிடின் என்று இன்னோர் ஆஞ்சைனா மாத்திரை: கை நடுக்கம், பார்கின்சன் உள்ளவர்களுக்குக் கூடாது. ஐரோப்பாவில் 2012-இல் அதன் உபயோகத்தைக் குறுக்கினார்கள். ஸ்டென்ட் வைத்த 6,000 பேரில் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது, பலன் தெரியவில்லை. நம் ஊரில் இன்னும் தாராளமாக எழுதுகிறார்கள். தாத்தாவுக்குப் புதிதாக நடை தடுமாறினால் சீட்டில் இது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

டிசம்பர் 14, இரவு 9.45 | பழைய ரெப்

ஸ்டென்ட் வைத்துவிட்டால் மாத்திரையே வேண்டாமே என்று இரண்டு பேர் எழுதியாயிற்று. வேண்டும். மேலும், மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் பேச்சே இல்லை. ஏறினால் மட்டும் வருகிற நிலையான ஆஞ்சைனா வேறு. 2007-இல் 2,287 பேர், 2020-இல் 5,179 பேர், இரண்டு பெரிய ஆய்விலும் நல்ல மாத்திரை வைத்தியத்தோடு ஒப்பிட்டால் ஸ்டென்டும், இரண்டாவதில் சேர்த்துப் பார்த்த பைபாஸும் சாவைக் குறைக்கவில்லை. வலியை நன்றாகக் குறைத்தன. மாத்திரை போட்டும் ஏற முடியவில்லை என்றால் அது நல்ல காரணம். இடது பக்க முக்கியக் குழாய் அடைப்பு, இதயத்தின் பம்ப் பலவீனம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ஒருவர் எனக்குத் தனியாக எழுதி, நீங்கள் ஸ்டென்ட் கம்பெனிக்கு எதிரியா என்கிறார். நான் மாத்திரைக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவன் ஐயா, அந்தப் பக்கச் சாய்வு வேண்டுமானால் இருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள்.

டிசம்பர் 15, காலை 11.20 | பழைய ரெப்

இவ்வளவு பேசியதில் யாரும் கேட்காதது ஆஸ்பிரினையும் அட்டோர்வாஸ்டாட்டினையும். மெட்டோப்ரோலால், அம்லோடிபின், நைட்ரேட், ரனோலசின் என்று நாம் ஒப்பிடுவதெல்லாம் வலியைக் குறைக்கிற மாத்திரை. நிலையான ஆஞ்சைனாவில் இவை ஆயுளை நீட்டுவதாக நிரூபணம் இல்லை (ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர் விஷயத்தில் பீட்டா பிளாக்கருக்கு வேறு கணக்கு). மாரடைப்பைத் தள்ளிப்போடுவது ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும், பிபி சர்க்கரைக் கட்டுப்பாடும், பீடியை விடுவதும். ஆனால் அவை போட்டால் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. அதனால் காசு குறைகிற மாதத்தில் ஜனங்கள் முதலில் விடுவது அவற்றைத்தான்.

என்னோடு ரெப் வேலை பார்த்தவர், மாத்திரை விவரமெல்லாம் தலைகீழாகத் தெரிந்தவர், வலி வராததால் நைட்ரேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டாட்டினை விட்டுவிட்டார். கல்லீரல் கெட்டுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். கல்லீரல் டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே என்றேன். எடுக்கவில்லை. இரண்டாம் அட்டாக்குக்கு அப்புறம்தான் எடுத்தார், நார்மல். இப்போது வாயை மூடிக்கொண்டு போடுகிறார். அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன், திட்டிக்கொண்டே கொடுத்தார்.

கோத்தகிரித் தம்பி, அம்மா அந்த இரண்டையும் தினமும் போடுகிறாரா என்று ஸ்ட்ரிப்பை எண்ணிப் பாருங்கள். கேட்டால் போட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

டிசம்பர் 21, மாலை 6.30 | கோத்தகிரிக்காரன்

கீழே போய் வந்தோம். இன்ஹேலர் விஷயம் கேட்டதும் டாக்டர் மெட்டோப்ரோலாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொல்லிவிட்டு அம்லோடிபின் 5 ஆரம்பித்திருக்கிறார். மோனோநைட்ரேட் காலை 8, மதியம் 3. ஸ்ட்ரிப்பை எண்ணினேன், அட்டோர்வாஸ்டாட்டின் மிச்சம் நிறைய இருந்தது. வீட்டில் சண்டை. கடைசியில் மாமாவின் மாத்திரைதானே, நான் அன்றைக்கே சொன்னேனே என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 21, இரவு 7.10 | பழைய ரெப்

அம்மாவுக்கு என் தோல்வியை ஒப்புக்கொண்டதாகச் சொல்லிவிடுங்கள். மாமாவுக்கு ஒரு கிலோ கேரட்.

அம்லோடிபின் மெதுவாக ஏறும் மாத்திரை, மெதுவாக இறங்கும், பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம். ஒரு வாரமாவது பொறுங்கள், இரண்டு நாளில் பலன் இல்லை என்று போன் போடாதீர்கள். கணுக்காலில் வீக்கம் வரலாம், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம், அளவு கூடினால் வீக்கமும் கூடும். இங்கேதான் ஒரு வலை. வீக்கத்தைப் பார்த்து வேறு யாராவது நீர் மாத்திரை எழுதுவார்கள். அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாகக் கேட்காது, உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்து தலைசுற்றும், அதற்கு இன்னொரு மாத்திரை. இப்படியே ஒரு பை நிறையும். வீங்கினால் எழுதிய டாக்டரிடமே போங்கள், அளவைக் குறைப்பார், இல்லை மாற்றுவார். ஒரு காலில் மட்டும் வீங்கினால், வலித்தால், அது வேறு, அன்றைக்கே காட்டுங்கள்.

டிசம்பர் 28, காலை 8.05 | பழைய ரெப்

ஊட்டியில் உறைபனி என்று எல்லோரும் புல்லைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நெஞ்சுவலிக்காரர்கள் விடிந்ததும் படம் எடுக்கப் போக வேண்டாம். வெயில் வந்த பின் நடங்கள், மூக்கு வாயை மஃப்ளரால் மூடிக்கொள்ளுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டதும் ஏறாதீர்கள்.

சார்பிட்ரேட்டைப் பற்றி நிறையக் கேள்வி. எனக்குத் தெரிந்த முறை: இறுக்கம் வந்தால் உட்காருங்கள். நின்றுகொண்டு போட்டால் பிபி இறங்கி விழுந்துவிடுவீர்கள், படியில் என்றால் சொல்லவே வேண்டாம். நாக்குக்கு அடியில் வையுங்கள், விழுங்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால், அல்லது வலியோடு வேர்த்துக் கொட்டினால், 108. இந்த இடத்தில் மலைக்காரர்கள் செய்கிற வேலை, வாயு என்று சோடா குடித்துவிட்டு விடியட்டும் என்று இருப்பது. மேட்டுப்பாளையம் இறங்கவே எவ்வளவு நேரம் என்று தெரிந்தும். நேரே கோயம்புத்தூருக்குக் காரைக் கிளப்புமுன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்த்து முதல் டோஸாகப் 14 மாத்திரைகள் அங்கேயே கொடுத்து அனுப்புவார்கள்.

அப்புறம் ஆண்களுக்கு, வெட்கத்தை விட்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்கும், டடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் எந்த நைட்ரேட்டும் தொடக் கூடாது, பிபி தரைமட்டமாகும். தினசரி நைட்ரேட் போடுகிறவர் அந்த மாத்திரை பக்கமே போக முடியாது. ஆம்புலன்சில் கேட்டால், மனைவி பக்கத்தில் இருக்கிறாரே என்று கூச்சப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள்.

ஜனவரி 5, இரவு 9.15 | பழைய ரெப்

விலை. மெட்டோப்ரோலால், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின், நைட்ரேட் எல்லாம் மக்கள் மருந்தகத்தில் ஜெனரிக்காகக் கிடைக்கும், பிராண்டுக்குக் கொடுப்பதில் ஒரு பங்குதான் ஆகும். பிபி, சர்க்கரைக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு, அம்லோடிபின் அதில் ஏற்கெனவே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மருந்தை அங்கே ஒரு பெயரில், இங்கே ஒரு பெயரில் வாங்கி இரட்டிப்பாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டு, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

ஜனவரி 18, காலை 10.40 | கோத்தகிரிக்காரன்

அம்மா இப்போது நின்று நின்று ஏறுகிறார், இறுக்கம் எப்போதாவதுதான். வீசிங் குறைந்திருக்கிறது. கால் லேசாக வீக்கம், அடுத்த முறை காட்டுவோம். பல் ஒன்று பிடுங்க வேண்டும், ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு வரச் சொல்லலாமா?

ஜனவரி 18, மதியம் 1.25 | பழைய ரெப்

நீங்களாக நிறுத்த வேண்டாம். சாதாரணமாக ஒரு பல் பிடுங்க ஆஸ்பிரினை நிறுத்துவதில்லை, ரத்தம் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கசியும், பஞ்சை அழுத்திப் பிடிக்க வைப்பார்கள், தேவையென்றால் தையல் போடுவார்கள். பல் டாக்டரிடம் முழு மாத்திரைப் பட்டியலையும் காட்டுங்கள், இன்ஹேலர் உட்பட. வலிக்கு அவர் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி எழுதினால் இதய நோயாளி என்று மறுபடி சொல்லி பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு, மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு, சார்பிட்ரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.